ஒன்பது பேரில் ஒருவர்

கோயம்புத்தூர்
3-6-1974

அன்புள்ள அத்தானுக்கு,

மார்ச் மாதத்திலிருந்து இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. ரோஸ் அக்காளாவது ஒரு கார்டு போட்டிருக்கலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே பாலிடெக்னிக்கில் தேர்வுத் தாள்கள் நானூறு மேசையில் கிடக்கின்றன. 'இயந்திரப் பராமரிப்பின் பயன்கள் யாவை' என்ற கேள்விக்கு நானூறு பேரும் ஒரே ஆறு வரியை எழுதியிருக்கிறார்கள். அந்த ஆறு வரியும் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதுதான். திருத்தித் திருத்திக் கண் எரிகிறது.

காரியத்துக்கு வருகிறேன். போன வருஷம் மே விடுமுறையில் உங்கள் இறால் கம்பெனியில் நாம் செய்த வேலை நினைவிருக்கும். ஆங்கிலப் பலகை வாசிக்கத் தெரியாத ஆயில்மேன்களுக்காக வால்வு தோறும் வர்ணத் தகடு தொங்கவிட்டோம். பச்சை என்றால் திறக்கலாம், சிவப்பு என்றால் தொடக்கூடாது. ஒன்பது பேருக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்துப் பரீட்சை வைத்தோம். அதைப் பற்றி நான் எழுதிய அறிக்கையை செப்டம்பரில் சென்னையில் நடக்கும் தொழில்நுட்ப ஆசிரியர் மாநாட்டில் வாசிக்கத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அது நல்லபடி முடிந்தால் சீனியர் லெக்சரர் பதவி எனக்குத்தான் என்று பிரின்சிபால் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அதற்குப் படங்கள் வேண்டும். தகடு தொங்கும் வால்வுகள் ஒரு படம், ஒன்பது ஆயில்மேன்களையும் சேர்த்து நிறுத்தி ஒரு படம். ஸ்டுடியோக்காரரை அழைத்து எடுத்து அனுப்புங்கள்.

கிருபாநிதி

*

தூத்துக்குடி
11-6-1974

மாப்பிள்ளை கிருபாநிதிக்கு எஸ்றா எழுதுவது.

படம் எடுக்க ஆள் இருக்கிறது. ஆனால் ஒன்பது பேர் இல்லை. எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள்.

மே இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை. கம்ப்ரசரிலிருந்து, இறாலை உறைய வைக்கும் அம்மோனியாவோடு கலந்து போகும் எண்ணெய் பெரிய டாங்கின் அடியில் சேரும், அதை மாதம் ஒரு தரம் வடிக்க வேண்டும் என்பது உமக்குத் தெரியும். பதினோரு வருஷமாக அந்த வேலை மாசானத்துடையது. விளாத்திகுளம் பக்கத்து ஆள், கழுத்தில் எப்போதும் ஈரத் துண்டு போட்டிருப்பான், உமக்கு ஞாபகம் இருக்கலாம். அன்று காலை பத்து மணிக்கு அவன் எண்ணெய் வால்வுக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த அம்மோனியா வால்வைத் திறந்துவிட்டான். முகத்தில் அடித்துவிட்டது.

வாடை முதலில் இறால் உரிக்கும் கொட்டகைக்குத்தான் வந்தது. பெண்டுகள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் சாக்கை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய் அவனை இழுத்து வந்து இறால் கழுவும் தொட்டியில் போட்டேன். கண்ணைத் திறந்து தண்ணீர் ஊற்று, ஊற்று என்று கத்தினேன். அவனால் திறக்க முடியவில்லை.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. கழுத்துத் தோல் உரிந்து கிடக்கிறான்.

மானேஜர் ஆவுடையப்பன் அவன் பேரில் குற்றச்சாட்டு எழுதியிருக்கிறார். பாதுகாப்பு அறிவிப்பை வேண்டுமென்றே மீறினான் என்று. அது நிலைத்தால் நஷ்டஈடும் கிடையாது, வேலையும் கிடையாது. அதற்கு அவர் காட்டுகிற அத்தாட்சி என்ன தெரியுமா? நீர் தமிழில் அச்சடித்துச் சுவரில் ஒட்டின விதித்தாள். நான்காம் விதி: 'இடத்தை நம்பாதே, நிறத்தைப் பார்.' கீழே உம்முடைய கையெழுத்து.

பதில் எழுதாததற்குக் காரணம் கேட்டிருந்தீர். நல்ல பிட்டர்களெல்லாம் புதுத் துறைமுக வேலைக்குப் போய்விட்டார்கள். ஐந்து பேர் வேலையைப் போர்மேன் நானும் இன்னொருவனுமாக இரண்டு பேர் செய்கிறோம். உப்புக் காற்றில் இன்று மாற்றிய போல்ட் ஆறு மாதத்தில் உதிர்கிறது. வீட்டுக்கு வந்தால் பேனா பிடிக்கக் கை வராது.

எஸ்றா

*

கோயம்புத்தூர்
17-6-1974

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மாசானத்துக்காக ஜெபிக்கிறேன். நடந்தது மிகவும் வருத்தமான காரியம்.

ஆனால் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம். தகடுகள் அந்தந்த வால்வில்தான் தொங்கினவா? வர்ணம் துருவில் மங்கியிருந்ததா? அம்மோனியா நிரப்பும் குழாயின் வாய்க்கு ஒரு மூடி இருக்க வேண்டுமே, அது இருந்திருந்தால் வால்வைத் திறந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதே? பதினோரு வருஷம் பழகியவர் எப்படித் தவறினார்? அன்று அவர் குடித்திருந்தாரா?

ஒன்பது பேரும் பரீட்சையில் தேறியவர்கள். அது அறிக்கையில் இருக்கிறது. சிவப்புத் தகடு கண்ணெதிரே தொங்கும்போது ஒரு மனிதர் அதைத் திறந்தால், அதற்குத் தகட்டைக் குறை சொல்வது எந்த நியாயம்? மானேஜர் சொல்வதை நான் சரி என்று சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் என் மேல் ஒரு கோபம் தெரிகிறது. அதைத்தான் சொல்கிறேன்.

படங்கள் இப்போது வேண்டாம்.

கிருபாநிதி

*

தூத்துக்குடி
26-6-1974

கிருபாநிதிக்கு,

குடித்திருந்தானா என்று கேட்டீரே. அவன் பீடி கூடப் பிடிக்க மாட்டான்.

தகடு அதனதன் இடத்தில்தான் தொங்கியது. வர்ணம் மங்கவில்லை. மூடி துருவில் உடைந்து விழுந்து நாலு மாதம். வாங்கித் தரச் சொல்லி மானேஜருக்கு மூன்று தாள் எழுதினேன். மூன்றின் நகலும் என்னிடம் இருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவன் பெண்சாதி பேச்சி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் வந்த சத்தம் கேட்டதும் அவன் எழுந்திருக்கப் பார்த்தான். பேசினதை அப்படியே எழுதுகிறேன், வாசியும்.

"அண்ணாச்சி, நான் தொறந்தது பச்சையா, செவப்பா?"

"செவப்புல்லா மாசானம்."

முகத்தை என் பக்கம் திருப்பினான்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் அண்ணாச்சி. காஞ்ச எலை நெறம். சின்னதுலேருந்தே அப்படித்தான்."

"ஏலே, இத முன்னாலயே சொல்லப்பிடாதா?"

"பரீச்சை அன்னைக்கு சாருகிட்ட சொன்னேனே. சார் சிரிச்சாரு. சரி, போங்கன்னாரு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? எடம் தெரியும்லா, எடத்த வச்சே தொறந்துக்கிடலாம்னு இருந்துட்டேன்."

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவன் உம்மிடம் சொன்னானா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுதும். வேறு கேள்விகள் எழுதுவதானால் கடிதமே வேண்டாம்.

எஸ்றா

*

கோயம்புத்தூர்
14-7-1974

அத்தானுக்கு,

சொன்னார்.

இந்த ஒரு சொல்லை எழுத எனக்குப் பதினைந்து நாள் ஆகியிருக்கிறது. நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் பிற்பகல், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தகடுகளைக் காட்டச் சொன்னேன். மாசானம் கடைசி ஆள். நீங்கள் அப்போது கம்ப்ரசர் பக்கம் போயிருந்தீர்கள். பச்சையைக் காட்டச் சொன்னேன், சிவப்பைக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுபடி கேட்டேன், சரியாகக் காட்டினார். மூன்றாம் முறை மறுபடியும் தவறு. பிறகு கிட்டே வந்து மெதுவாக, "சார், எனக்கு இந்த நெறம் பிடிபடல" என்றார். படிப்பு ஏறவில்லை என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. எனக்கு ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "பழகிவிடும். சரி, போங்க" என்று சிரித்தேன்.

அறிக்கையில் ஒன்பதுக்கு ஒன்பது என்று எழுதினேன். எட்டு என்று எழுதினால் அந்த ஒருவர் ஏன் தவறினார் என்று ஒரு பத்தி எழுத வேண்டும். ஒன்பது என்றால் ஒரு வரி போதும். அத்தான், காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வாரம் இங்கே கண் டாக்டர் ஒருவரிடம் போனேன். புள்ளிப் புள்ளியாய் எண்கள் எழுதிய ஒரு புத்தகம் வைத்திருக்கிறார். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு அந்த எண் தெரியாது. ஆண்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேர் அப்படி இருப்பார்களாம். நான் எஞ்சினியரிங் படித்த ஐந்து வருஷத்தில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. அதையும் சாக்காகச் சொல்லவில்லை. சொன்னவர் எதிரே நின்றபோதும் நான் காது கொடுக்கவில்லையே.

மானேஜருக்கு ஒரு கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். மாசானத்துக்கு நிறம் தெரியாது என்பதையும் அது எனக்குத் தெரிவிக்கப்பட்டது என்பதையும் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.

கிருபாநிதி

*

தூத்துக்குடி
20-7-1974

மாப்பிள்ளைக்கு,

உமது கடிதத்தைக் கொடுக்கவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

நீர் உண்மையை எழுதினீர், சரி. அது யார் தலையில் விழும் என்று யோசித்தீரா? நிறம் தெரியாதவன் என்று வந்தால் கம்பெனி டாக்டர் 'தகுதியற்றவன்' என்று எழுதுவார். குறையை மறைத்து வேலைக்குச் சேர்ந்தான் என்பார்கள். வலது கண்ணில் இப்போது ஆள் அடையாளம் தெரிகிறது. அதை வைத்து ஒரு கேட் வேலையாவது வாங்கிவிடலாம் என்று நான் பார்க்கிறேன். இந்தத் தாள் போனால் அதுவும் போய்விடும். இரண்டு பெண்பிள்ளைகள் அவனுக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. உம் அக்காளிடம்கூட இதை நான் சொல்லவில்லை.

எண்ணெய் வால்வு எப்போதும் இடது கைப் பக்கம்தான் இருந்தது. ஏப்ரல் கடைசியில் ஆலையை நிறுத்திப் பழைய குழாயை மாற்றினோம். வளைவுக் குழாய் கடையில் ஒரே ஒரு வகைதான் கிடைத்தது. அதைப் போட்டால் எண்ணெய் வால்வு வலது பக்கமும் அம்மோனியா வால்வு இடது பக்கமும் வரும். வரட்டும், தகடுதான் இருக்கிறதே என்று போட்டேன். தகடுகளை என் கையாலேயே மாற்றித் தொங்கவிட்டேன். "வால்வு மாறியிருக்கு, தகட்டப் பாத்துத் தொறங்க" என்று எல்லோரிடமும் சொன்னேன். மாசானம் அன்று இல்லை. மச்சினன் கல்யாணத்துக்கு விளாத்திகுளம் போயிருந்தான். வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வந்தான். அன்று ஒரு மோட்டார் எரிந்துபோயிற்று. மறுநாள் வேறொன்று. பிறகு மறந்தே போய்விட்டது.

அவன் இடத்தை நம்பினான். இடத்தை மாற்றியது நான்.

இருபத்திரண்டு வருஷம் இந்த வேலை பார்த்துவிட்டேன். ராத்திரி படுத்தால் அந்த இரண்டு வால்வும் இடமும் வலமுமாக மாறி மாறி வருகிறது. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி என்கொயரி. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என் வேலை தங்கும், அவன் வேலை போகும். திறந்தால் இரண்டு பேர் வேலையும் போகலாம். உம்முடைய படிப்பு இதற்கு ஏதாவது சொல்லுகிறதா?

எஸ்றா

*

கோயம்புத்தூர்
27-7-1974

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் செய்தது சரி. நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அதில் மாசானத்தின் கண்ணைக் குறை என்று எழுதியிருக்கிறேன். அது தப்பு.

அந்தப் புள்ளிப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்து என் வகுப்பில் காட்டினேன். அறுபத்திரண்டு பேர். நாலு பேருக்கு எண் தெரியவில்லை. அதில் ஒருவன் மெஷின் டிராயிங்கில் வகுப்பிலேயே முதல். இரண்டு வருஷமாக என் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், எனக்குத் தெரியாது. அவனுக்கே தெரியாது. அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கண் என்று நினைத்து நான் செய்த தகட்டில் இருக்கிறது.

மாசானம் வேலைக்குச் சேர்ந்தபோது நிறம் தெரியுமா என்று எவரும் கேட்டதுண்டா? இல்லை. பத்து வருஷம் அந்த வேலைக்கு நிறம் தேவைப்பட்டதா? இல்லை. தேவைப்படும்படி செய்தவன் நான். அவர் எதையும் மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய நாளில், சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னார். அறிவிப்பை 'வேண்டுமென்றே' மீறினார் என்று சொல்ல முடியாது என்பதற்கு இது போதும். என்கொயரிக்கு நானே வந்து சொல்கிறேன்.

ஆனால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யக்கூடாது. ஒரு தரம் அவரைக் கேட்காமல் செய்தது போதும். போய் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் நான் வரவில்லை.

உங்கள் காரியத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வால்வை மாற்றியதைச் சொல்லுங்கள் என்று எழுத எனக்கு வாய் இல்லை. அக்காளிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

கிருபாநிதி

*

தூத்துக்குடி
31-7-1974

மாப்பிள்ளைக்கு,

கேட்டேன். "சார் வரட்டும் அண்ணாச்சி. நான் வேணும்னு செய்யலன்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும்" என்றான். பேச்சி எழுந்து வெளியே போய்விட்டாள்.

உம் அக்காளிடமும் சொன்னேன். சாயங்காலம் ஒரு தூக்குச்சட்டியில் சோறு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். இப்போது தினமும் போகிறாள்.

ஐந்தாம் தேதி காலை ஒன்பதரைக்கு வந்துவிடும்.

எஸ்றா

*

கோயம்புத்தூர்
9-8-1974

அன்புள்ள அத்தானுக்கு,

சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அக்காள் மீன் வாங்கி வைத்திருந்தாளாம். கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்று என்னால் எதுவும் சாப்பிட்டிருக்க முடியாது.

உங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்களே, உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

மானேஜர் என் அறிக்கையை முன்னால் வைத்திருந்தார். மாசானம் எதிரே நாற்காலியில். கட்டுப் போட்ட முகத்தை என் சத்தம் வந்த பக்கம் திருப்பினார். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். மானேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அறிக்கையைத் தட்டிக் காட்டினார்.

"வாத்தியாரே, ஒன்பது பேரும் தேறினாங்கன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. இப்போ வேற சொல்லுதீங்க. எது பொய், அன்னைக்கு எழுதினதா, இன்னைக்குச் சொல்லுததா?"

"அன்னைக்கு எழுதினது பொய்" என்றேன்.

கிளார்க் அதைத் தட்டச்சு செய்தார். அடியில் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு மாசானத்திடம் கேட்டார்கள். சிவப்புத் தகடு என்றால் தொடக்கூடாது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

"தெரியும் சார். செவப்புன்னா தொடப்பிடாது. எது செவப்புன்னுதான் தெரியாது."

மானேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டார். உங்களை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே வந்தேன். வாசலில் பேச்சி நின்றிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

நீங்கள் உள்ளே என்ன சொன்னீர்கள்?

கிருபாநிதி

*

தூத்துக்குடி
17-9-1974

மாப்பிள்ளைக்கு,

உத்தரவு வந்தபின் எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

உள்ளே எல்லாவற்றையும் சொன்னேன். வால்வை இடம் மாற்றியதையும், அவனிடம் சொல்ல மறந்ததையும். மூடி கேட்டு எழுதின மூன்று தாளையும் மேசையில் வைத்தேன். அதைப் பார்த்ததும் மானேஜர் முகம் வேறாகிவிட்டது. மூன்றாவது தாளில் 'பிறகு பார்க்கலாம்' என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். பேக்டரி இன்ஸ்பெக்டர் கண்ணில் அது பட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

மாசானத்தின் பேரில் இருந்த குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். நஷ்டஈட்டு மனு லேபர் ஆபீசுக்குப் போயிருக்கிறது. அக்டோபர் முதல் அவனுக்குக் கேட்டில் வேலை. எஞ்சின் ரூம் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவில் தனியாக எழுதியிருக்கிறார்கள்.

என்னை போர்மேன் வேலையிலிருந்து இறக்கி ஷிப்ட் மெக்கானிக்காகப் போட்டிருக்கிறார்கள். என் நாற்காலியில் இருபத்தாறு வயசுப் பையன் ஒருவன். உம் பாலிடெக்னிக்கில் படித்தவன் இல்லை, அதுவரைக்கும் சந்தோஷம். உம் அக்காளுக்கு வருத்தம்தான், வெளியே காட்டவில்லை. எனக்கு என்னவோ சாக்கு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. இடுப்பு வலி மட்டும் போகவில்லை.

ஒரு காரியம் உமக்குப் பிரயோசனப்படும். மாசானம் வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் போய், "இனி யாரும் மாத்தித் தொறக்காம இருக்க என்ன செய்யலாம் மாசானம்?" என்று கேட்டேன். எந்த நிறம், எந்த அளவு, பலகையில் என்ன படம் போடலாம் என்றெல்லாம் நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அவன் யோசிக்கவே இல்லை.

"அம்மோனியா வால்வத் திருப்புத சக்கரத்தக் கழட்டி நீங்க வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. கேஸ் நெரப்புத அன்னைக்கு மட்டும் மாட்டுங்க. வருசத்துல ரெண்டு நாளுதான. சக்கரமே இல்லன்னா எவன் தொறப்பான்?"

கழற்றிவிட்டேன். புதுப் போர்மேன் அறையில் ஆணியில் தொங்குகிறது. புது மூடியும் வந்துவிட்டது.

எஸ்றா

*

கோயம்புத்தூர்
20-10-1974

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கு நேர்ந்ததை வாசித்து எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. நீங்களும் கேட்கவில்லை. அக்காளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

சென்னை மாநாட்டுக்குப் போய் வந்தேன். ஒன்பதுக்கு எட்டு என்று திருத்தினேன். அந்த ஒருவரைப் பற்றி ஒரு பத்தி எழுத உட்கார்ந்தேன், பதினோரு பக்கம் வந்தது. அவர் பெயரும் ஊரும் இல்லாமல் வாசித்தேன். சக்கரத்தைக் கழற்றி வைத்ததையும் சொன்னேன். அது அந்தத் தொழிலாளியே சொன்ன வழி என்பதையும் சொன்னேன்.

சாப்பாட்டு மணிக்கு முந்திய கூட்டம். பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் தலைமை வகித்தவர், "வெற்றி பெற்ற முயற்சிகளைப் பற்றிக் கேட்கத்தான் கூடியிருக்கிறோம்" என்றார். ஒருவர் மட்டும், அச்சாபீஸ் தொழில் கற்பிக்கிறவராம், வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் சிவப்பு தெரியாதாம். இருபது வருஷமாக வீட்டில்கூடச் சொன்னதில்லையாம்.

சீனியர் லெக்சரர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. பிரின்சிபால் என்னோடு பேசுவது குறைந்திருக்கிறது.

வகுப்பில் ஒன்று தொடங்கியிருக்கிறேன். பையன்கள் எந்த டிராயிங் போட்டாலும், 'இதை யாரால் பயன்படுத்த முடியாது' என்று அடியில் இரண்டு வரி எழுத வேண்டும். பாடத்திட்டத்தில் இல்லாததற்கு மார்க் உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை என்றேன். பாதிப் பேர் எழுதுவதில்லை. எழுதுகிறவர்களும் ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதுகிறார்கள். ஆனாலும் ஒவ்வொன்றையும் வாசிக்கிறேன்.

மாசானத்தை வந்து பார்க்கலாமா? அவரிடம் நேரில் சொல்ல வேண்டியது இன்னும் சொல்லாமல் கிடக்கிறது.

கிருபாநிதி

*

தூத்துக்குடி
8-12-1974

மாப்பிள்ளைக்கு,

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு நீர் கட்டாயம் வர வேண்டும் என்று உம் அக்காள் சொல்லச் சொன்னாள். நானும் சொல்லுகிறேன்.

நீர் கேட்டதைப் பற்றி எழுதத் தயங்கித் தயங்கி இத்தனை நாள் போய்விட்டது. மாசானத்திடம் கேட்டேன். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். லாரி வந்தால் எழுந்து சங்கிலியை இறக்குவான். மற்ற நேரம் சும்மா இருப்பான். சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது என்கிறான்.

"சார் மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல அண்ணாச்சி. அன்னைக்கு அவரு சரி, போங்கன்னு சொன்னப்போ எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. பெயிலாப் போட்டு வேலையவிட்டு எடுத்துருவாங்களோன்னு பயந்துகிட்டுல்லா நின்னேன்."

இதைக் கேட்டதும் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. உமக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இனி ஒன்றையும் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

பேச்சி வேறு மாதிரி. உம் அக்காள் நீர் வருவதாகச் சொன்னபோது அவள் சொன்னது இது. உம் அக்காள் வந்து என்னிடம் ஒப்பித்ததை எழுதுகிறேன்.

"அக்கா, நீங்க வாங்க, அண்ணாச்சி வரட்டும். ஒங்க தம்பி மட்டும் எங்க வாசப்படி மிதிக்க வேண்டாம். அவரு உண்மையச் சொல்லிக் காப்பாத்துனாருன்னு எல்லாரும் சொல்லுதாவ. நெசந்தான். அந்த உண்மைய ஒரு வருசம் முந்திச் சொல்லியிருந்தா எம் புருசனுக்கு ரெண்டு கண்ணும் இருக்கும்லா. இவரு வந்து மன்னிச்சுக்கிடுங்கன்னு சொல்லுவாரு. நான் சரின்னு சொல்லணும். எனக்கு இப்போ அதுக்குச் சீவன் இல்லக்கா."

நான் அவளை வற்புறுத்த மாட்டேன். உம் அக்காளும் மாட்டாள். என்னை அவள் வாசலில் விடுகிறாள் என்பதே எனக்கு அதிகம்.

வாரும். நம் வீட்டுக்கு வாரும். பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் சந்தில்தான் அவர்கள் இப்போது குடியிருக்கிறார்கள். மூன்றாவது வீடு. பேச்சி காலையில் வாசலில் இருந்துதான் அரிசி புடைப்பாள். அதைத் தெரிந்துகொள்ளும்.

எஸ்றா

*

கோயம்புத்தூர்
14-12-1974

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. மாசானம் சொன்னதை எழுதாமல் விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எழுதியதற்கு நன்றி.

அவர் மனைவி சொல்வது சரி. மன்னிப்புக் கேட்டுவிட்டால் எனக்குப் பாரம் குறையும், அதைத் தூக்கிக்கொள்ள வேண்டியவர் அவர்தான் என்பது இதுவரை எனக்குத் தோன்றவில்லை. இனிக் கேட்க மாட்டேன். நான் கேட்டதாகவோ, வருத்தப்பட்டதாகவோ அங்கே யாரும் போய்ச் சொல்லவும் வேண்டாம்.

இருபத்துநாலாம் தேதி காலையில் அங்கே வந்துசேரும் பஸ்ஸில் வருகிறேன். அழைக்க வர வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடற்கரை ரோடு வழியாகச் சுற்றி நடந்து வருகிறேன். அரைமணி நேரம் கூடுதலாகும். அக்காளைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

கிருபாநிதி